ஒரே கிணற்றுத் தண்ணீர்

மார்ச் 3

போலீஸ் இன்ஸ்பெக்டர் என் ஆய்வகத்துக்கு ஒரு பல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். வற்றிய ஏரிச் சேற்றில் கிடைத்த எலும்புக்கூட்டினுடையது. பெண். இறந்து ஏழெட்டு வருடமாம்.

"பல்லு ஊர் சொல்லுமா மேடம்?"

சொல்லும். பல்லில் படியும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தில் அணு எதுவானாலும் புரோட்டான் முப்பத்தெட்டுதான். நியூட்ரான் மட்டும் கூடும், குறையும். பெயர் ஒன்று, குணம் ஒன்று, எடை வேறு. அவைதான் ஐசோடோப்புகள். கனமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு என்ற விகிதம் பாறைக்குப் பாறை மாறும். பாறையிலிருந்து தண்ணீருக்கு வரும், தண்ணீரிலிருந்து குழந்தையின் பல்லுக்கு. எனாமல் உருவானபின் மாறாது.

"அப்போ சின்ன வயசுல குடிச்ச தண்ணி சாகுற வரைக்கும் வாயிலயே இருக்குன்னு சொல்லுங்க."

செத்த பிறகும்.

மார்ச் 9

பல்லின் விகிதம் 0.7384. இந்த வட்டாரப் பாறை எதிலும் இவ்வளவு வராது.

மார்ச் 10

கருவியில் கோளாறோ என்று, போன வருடம் பிடுங்கிய என் ஞானப்பல்லைப் போட்டுப் பார்த்தேன்.

0.7384.

திரும்பப் போட்டேன். அதேதான். நாங்கள் வளர்ந்த குவாரி ஊரில் நாற்பது வீடு, ஒரே கிணறு.

மார்ச் 11

அக்காவாக இருக்காது. மாதாமாதம் அம்மாவுக்குப் போன் பண்ணுகிறாளே. அத்தானோடு வெளிநாடு போய் எட்டு வருடம். நம்பர் விழாது. லைன் சரியில்லை என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாள். படம் கேட்டால் அனுப்புறேன் என்பாள்—

அவள் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன்?

மார்ச் 12

இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். டி.என்.ஏ. பார்க்க என் எச்சிலை எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 29

அக்காதான்.

மார்ச் 30

அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். எழுந்துபோய்த் துணி காயப்போட்டாள். போனில் பேசுவது யார் என்று கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை?

ஏப்ரல் 5

அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும், எப்போதும்போலப் பேசுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர். பதினோரு மணிக்கு வந்தது.

"அம்மா, சாப்பிட்டியா?"

எட்டு வருடமாகக் கேட்ட குரல். அம்மா தடுமாறவில்லை. முழங்கால் வலியைச் சொன்னாள், பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். ஒன்பது நிமிடம்.

ஏப்ரல் 20

அத்தானைப் பிடித்துவிட்டார்கள். வெளிநாடே போகவில்லையாம். ஏரிக்கு அக்கரையில், அரைமணி தூரத்தில்தான் இருந்திருக்கிறார். பேசியவள் அவர் கட்டிக்கொண்ட இரண்டாமவள். "ஒரே ஒரு தடவை பேசுன்னாரு, அப்புறம் விடமுடியல" என்று சொன்னாளாம்.

இதைச் சொன்னபோது அம்மா தலையை ஆட்டினாள்.

"உங்கக்கா என்னைக்குடி என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கா? முத வருஷமே தெரியும். கேட்டா அதுவும் நின்னுபோயிடுமேன்னு இருந்துட்டேன்."