ஒரு விரற்கடை

ஜூன் 3, செவ்வாய்

பெட்டியின் அடியிலிருந்து கராத்தே உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கால்சட்டை ஏறியது, நாடா முடிச்சுக்கு எட்டவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "உடுப்பு சுருங்கிடுச்சா, நீங்க விரிஞ்சிட்டீங்களா அக்கா?"

சின்னவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவர்கள் மாடியில், நாங்களும் அத்தையும் கீழே. இரண்டு வருடமாகக் கராத்தேக்குப் போகிறாள். கல்யாணத்தோடு நான் விட்டது அவளுக்குத் தெரிந்ததிலிருந்து நச்சரிப்பு. இன்று போயே விட்டேன். ஓரகத்திகள் இரண்டு பேரும் பீஸ் கட்டி அடித்துக்கொள்ளப் போகிறார்கள், வீட்டிலேயே இலவசமாகச் செய்யலாமே என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அதே பயிற்சிக் கூடம்தான். கீழே டயர் கடை, மேலே நாங்கள், நடுவில் ரப்பர் வாடை. அந்தக் காலத்தில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவர்தான் இப்போது மாஸ்டர். பகலில் எலக்ட்ரீசியன் வேலை. அவர் என்னை அக்கா என்கிறார், நான் நாக்கை மடக்கி அவரை மாஸ்டர் என்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்கவே இல்லை. அவர் "யாமே" என்று கத்தியதும் பாதிக் குத்தில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நிறுத்து என்றால் நிறுத்து. மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே உடம்பு கேட்டுக்கொள்கிறது.

ஜூன் 5, வியாழன்

தொடை இரண்டும் கட்டை. ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் உயிர் போய் வந்தது. "டிரைவரம்மா, பஸ் அழுவுதா நீங்க அழுவுறீங்களா" என்று கண்டக்டர் அண்ணன் கேட்டார். அண்ணன் டிக்கெட் கிழிப்பதைவிட வாய் கிழிப்பது அதிகம்.

ஜூன் 12, வியாழன்

கட்டா வந்துவிட்டது, அந்த அசைவு வரிசை முழுசும்! அடுத்து என்ன அசைவு என்று யோசித்தால் மறக்கிறது, யோசிக்காமல் விட்டால் கால் தானாகப் போகிறது. எதிரே யாரும் இல்லை. இல்லாத ஆளைத் தடுத்து, இல்லாத ஆளைக் குத்தி, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றேன். மாஸ்டர் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு என்னைத் தனியாக மறுபடி செய்யச் சொன்னார். இந்த வயதில் இப்படி ஒரு கர்வம் வரும் என்று நினைக்கவில்லை. வரும் வாரம் ஸ்பாரிங், ஜோடி போட்டுச் சண்டை.

திரும்பி இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தேன், தரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஸ்பாரிங்கில் முகத்துக்குப் போகும் குத்து ஒரு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும். அதுதான் எங்கள் பாடத்தின் மொத்தமும். அடிக்கத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், நிறுத்தத் தெரிந்தால்தான் பெல்ட். அந்தக் காலத்தில் நான் நிறுத்தினால் எதிராளியின் மீசை மட்டும் ஆடும் என்பார்கள்.

இன்று ஒரு மருந்துக்கடைக்காரரோடு ஜோடி. என் குத்து அவர் தாடையில் பட்டது. பலமாக இல்லை. "பரவால்லீங்க" என்றார். அடுத்ததும் பட்டது. அதற்கு அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

துருப்பிடித்துவிட்டது, வேறென்ன. தேய்த்தால் போய்விடும்.

ஜூன் 21, சனி

காலையிலேயே வீட்டில் புகைச்சல். கொழுந்தன் தனி வீடு பார்க்கிறாராம். அத்தை யாரோடு என்பதுதான் கேள்வி. குளியலறையில் விழுந்ததிலிருந்து அத்தைக்கு ஆள் துணை வேண்டும். சின்னவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க விடியறதுக்குள்ள டூட்டின்னு கிளம்பிடறீங்க. இங்க பாத்துக்கறது யாரு? நான்தானே."

உண்மைதான். உண்மை என்பதால்தான் எரிந்தது. "அப்ப நான் என்ன ஊர் சுத்தவா போறேன்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஓட்டுகிற வேலை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. பொம்பளை ஓட்டுகிறாளா என்று இறங்கிப் போனவர்கள் உண்டு. இன்று அதே ஆட்கள் என் வண்டி என்றால் கண்ணை மூடித் தூங்குகிறார்கள். அது சின்னவளுக்குத் தெரியாதா?

ஜூன் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

சின்னவளோடு ஜோடி போட்டார் மாஸ்டர். நான் வலது குத்து விட்டேன், நேராக மூக்கில். மென்மையான சத்தம். வெள்ளை உடுப்பு முழுக்க ரத்தம். அவள் மூக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அழவில்லை. அந்தப் பார்வைக்கு அழுதிருக்கலாம்.

"சத்தியமா நிறுத்தினேன்டி" என்றேன்.

வீட்டில் அத்தை, "சனிக்கெழம பேச்சுக்குச் செவ்வாக்கெழம பதிலா?" என்றார். கொழுந்தன் என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரர்கூடக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார், "கோவத்த அங்க கொண்டுபோகாத." நீங்களுமா?

நான் நிறுத்தினேன். என் கை நின்ற இடத்தில் அவள் மூக்கு இருந்தது. இப்படி ஒரு சமாதானத்தை யாராவது நம்புவார்களா? நானே நம்புகிறேனா? உள்ளே எங்கேயோ ஒருத்தி அடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாளோ? அவளை எனக்கு அறிமுகமே இல்லையே.

ஜூன் 26, வியாழன்

ஜோடி சேரும் நேரத்தில் எல்லோருக்கும் திடீரென்று பெல்ட் அவிழ்ந்துகொண்டது. குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மாஸ்டர் என்னைக் குத்துப் பையோடு பயிற்சி செய்யச் சொன்னார். எனக்குப் புல்டோசர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

காலையில் டிப்போவில் வண்டியைத் திருப்பும்போது இடது பக்கக் கண்ணாடி தூணில் உரசியது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. "தூணுக்கும் உங்களுக்கும் என்னம்மா வாய்க்கா தகராறு" என்றார் கண்டக்டர் அண்ணன். சிரித்தேன். சாயந்திரம் அத்தைக்குத் தேநீர் ஊற்றினேன், பாதி டம்ளருக்கு வெளியே போனது. அத்தை டம்ளரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் தூக்கம் போதாததுதான் காரணம்.

ஜூலை 2, புதன்

டிப்போவில் வருடாந்திர உடல் பரிசோதனை. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. கண் பரிசோதனைக்கு நீண்ட வரிசை. முன்னால் நின்ற டிரைவர்கள் எல்லோரும் ஒரே அட்டையைச் சத்தமாக வாசித்து வாசித்து, என் முறை வருவதற்குள் எனக்குப் பாட்டாகவே வந்துவிட்டது. வலது கண்ணை மூடிக்கொண்டு படபடவென்று ஒப்பித்தேன். "கழுகுக் கண்ணு" என்று எழுதிக்கொண்டார் சோதித்தவர். நல்ல மனிதர், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

பாஸ். ஒரு கவலை விட்டது.

ஜூலை 8, செவ்வாய்

சின்னவள் மூக்கு ஆறிவிட்டது. யாரும் என்னோடு ஜோடி சேராததைப் பார்த்து, அவளே வந்து எதிரே நின்றாள். "வாங்கக்கா. இன்னொரு மூக்கு இல்ல, பாத்து" என்றாள். வீம்பா, பரிவா, தெரியவில்லை.

நான் அடிக்கவே பயந்து பின்வாங்கிக்கொண்டே இருந்தேன். அவள் விட்ட குத்தை இடது கையால் தடுக்கப் போனேன். கை காற்றைத் தடுத்தது. அவள் விரல் முட்டி என் வலது கண் ஓரத்தில் உரசிக்கொண்டு போனது. மாஸ்டர் "யாமே" என்றார். உட்காரவைத்துக் கண்ணில் ஐஸ் பையை வைத்து அழுத்தினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். மாஸ்டர் எனக்கு எதிரே குனிந்து நிற்கிறார். காது இருக்கிறது, தோள் இருக்கிறது, கறுப்பு பெல்ட் இருக்கிறது. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ.

"ரொம்ப வலிக்குதா அக்கா?" என்று அந்த இடம் கேட்டது.

இல்லை என்றேன்.

ஜூலை 9, புதன்

கதவைத் தாழிட்டுவிட்டு வலது கண்ணை மூடிக் காலண்டரைப் பார்த்தேன். ஓரத்துக் கட்டங்கள் இருக்கின்றன. எந்தத் தேதியை நேராகப் பார்க்கிறேனோ அந்தத் தேதி இல்லை.

கண்ணில் தூசி. இல்லை. கழுவிப் பார்த்தேன். இல்லை.

அப்படியென்றால் அன்று அட்டையை நான் வாசிக்கவே இல்லை. ஒப்பித்தேன். ஏமாற்ற வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, தெரிந்த பாட்டைப் பாடினேன், அவ்வளவுதான்.

தூண். டம்ளர். படி. சின்னவள் மூக்கு. என் மனசில் விஷம் இல்லை, கண்ணில்தான் கோளாறு என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதி. வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகுதான் மற்றது வந்தது. ஒற்றைக் கண் டிரைவருக்கு யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள்.

இன்றும் ஓட்டினேன். வண்டி நிறையக் கூட்டம். பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பிடிங்க" என்று சின்னவள் ஸ்கூட்டர் சாவியை என் பக்கம் போட்டாள். கையை நீட்டினேன். சாவி என் தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

எடுத்து மறுபடி போட்டாள். மறுபடி தோள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எந்தக் கண்ணு?"

சொன்னேன். அழுகை வந்துவிட்டது. யாரிடம் அழக்கூடாது என்று நினைத்திருந்தேனோ அவளிடமே அழுதேன்.

"அன்னைக்குக் கை நின்னுச்சுக்கா. எனக்குத் தெரிஞ்சுது. குத்துறவங்க கை உள்ள வரும், உங்க கை வரல. அதான் கொழப்பமா பாத்தேன்." பிறகு சொன்னாள், "நாளைக்கு வண்டி எடுக்காதீங்க."

"இந்த மாசம் மட்டும்டி. அதுக்குள்ள டாக்டர்ட்ட காமிச்சு, மருந்து போட்டு—"

"வண்டி எடுக்காதீங்க."

"யார்ட்டயும் சொல்லாத."

அவள் மீதித் துணியை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

ஜூலை 14, திங்கள்

முதல் டிரிப்பில் சின்னவள் ஏறினாள். எனக்குப் பின்னால் இடது பக்கம் முதல் சீட். டிக்கெட் எடுத்தாள். கடைசி நிறுத்தம் வரை வந்தாள், அதே வண்டியில் திரும்பினாள். எங்கே போகணும் என்று கண்டக்டர் அண்ணன் கேட்டதற்கு, "எங்கயும் இல்ல" என்றாளாம்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் ஏறினாள். வகுப்புக்கு நான் போகவில்லை.

ஜூலை 16, புதன்

மழை. வைப்பர் ஒன்று சரியாகத் துடைக்கவில்லை. சந்தைக்கு அடுத்த நிறுத்தம். கூட்டத்திலிருந்து ஒருவர் சாலையில் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டியபடி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பார்த்தேன். தூரம் இருக்கிறது, மெதுவாகப் போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று பிரேக்கில் லேசாகக் கால் வைத்தேன்.

"யாமே!"

சின்னவள் குரல். என் கால் மொத்தமாக பிரேக்கில் இறங்கியது. நான் இறக்கவில்லை, அது இறங்கியது. நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள், கண்டக்டர் அண்ணன் கம்பியில் தலையை இடித்துக்கொண்டார்.

இறங்கி முன்னால் போனேன். குடைக்காரர் அப்போதும் திரும்பவில்லை. மழைச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் சட்டைக்கும் என் வண்டிக்கும் நடுவில் ஒரு விரற்கடை இருந்தது. குடையை உதறிவிட்டு, என்னைத் தாண்டிப் படியேறி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

சாவியை எடுத்துக் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தேன். "டிப்போக்கு போன் பண்ணுங்கண்ணே, வேற டிரைவர் அனுப்பச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு தெரியல." அண்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து கேலி வராத ஒரே நாள்.

நிறுத்தத்தின் பெஞ்சில் நானும் சின்னவளும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. குளிரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

ஜூலை 18, வெள்ளி

கண் டாக்டர் சொன்னது: இடது கண்ணின் நடுவில் தழும்பு. பழசு. இனி சரி செய்ய முடியாது. எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டேன். "நல்ல கண்ணு கெட்ட கண்ணுக்கும் சேர்த்து வேலை செஞ்சிடும்மா. வீட்டுல ஒருத்தர் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டா மத்தவங்களுக்குத் தெரியுமா?" என்றார். பக்கத்தில் சின்னவள் இருமினாள்.

வலது கண்ணுக்கும் வரலாம். வராமலும் போகலாம். தினமும் காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட எதையாவது பார்க்க வேண்டும். கோடு நேராக இருந்தால் சரி. வளைந்தால் அன்றே ஓடி வர வேண்டும், அப்போது பிடித்தால் காப்பாற்றலாம் என்றார்.

டிப்போவில் எனக்கு இனி டிரிப் ஷீட் எழுதும் மேஜை. ஜன்னலுக்கு வெளியே என் வண்டியை வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார். கியரைக் கடித்து மாற்றுகிறார், பாவி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கட்டா மட்டும் போதும் என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். இல்லாத ஆளை அடித்தால் யாருக்கும் வலிக்காது. சின்னவள் விடவில்லை. எதிரே வந்து நின்று, என் முஷ்டியைப் பிடித்துத் தன் மூக்கு நுனியில் வைத்தாள். பிறகு ஒரு விரற்கடை பின்னால் தள்ளினாள்.

"கண்ணால பாக்காதீங்க. இங்கதான் நான். கை ஞாபகம் வச்சுக்கட்டும்."

மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்தோம். ஒரு தடவை பட்டது. "ம், மறுபடி" என்றாள். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு பார்க்கும் பேச்சைக் கொழுந்தன் எடுப்பதில்லை. அத்தைக்குக் காலைத் தேநீர் இப்போது நான்தான் கொடுக்கிறேன். டம்ளரை அத்தையே பிடித்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோடு நேராக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன் காலண்டர் முன்னால் நின்றேன். இடது கண்ணை மூடினேன். மேல் வரிசை சரி. நடுவில் ஒரு கோடு, நூல் தளர்ந்த மாதிரி, லேசாகத் தொங்கியது.

தாள் ஈரத்தில் உப்பியிருக்கும் என்று நினைத்தேன். கையால் நீவிவிட்டுப் பார்த்தேன். தூசியாக இருக்கும் என்று முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். தொங்கியது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, சாயந்திரம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததும்தான் பயம் வந்தது.

மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சின்னவள் தூக்கக் கலக்கத்தோடு திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி ஆணியிலிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

கீழே வண்டியைக் கிளப்புகிறாள். போகிறேன்.