யாருடைய ஜாயின்ட் அது?

அக்கா,

இன்று காலை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்க வந்தவர் பின்பக்கத்துச் செம்புக் குழாயில் தீயைக் காட்டினார். சுட்ட செம்பின் வாசனை அடுப்படி வரை வந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் குழாயை விட்டுவிட்டு, ஒட்டுவதற்கு உருக்கும் ராடைச் சுட்டுக்கொண்டிருந்தார். "குழாயச் சுடுண்ணா. அது செவந்தா ராடு தானா உருகி உள்ள போவும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உன் பேச்சு.

வில்லியனூர்ப் பக்கம் ஏசிக்குச் செம்புக் குழாயை வளைத்துக் காயில் செய்யும் கம்பெனியில் நீயும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம், ஒரே மேசை. நீ கரியமாணிக்கத்திலிருந்து வருவாய், நான் அரியூரிலிருந்து. வயதில் மூத்தவள் என்பதால் அக்கா என்றேன். குழாயை உருக்காமலே குழாயோடு ஒட்டுகிற அந்த வேலை உனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நான் தீயைக் கூடுதலாகக் காட்டி ஓட்டை போட்டுவிடுவேன். "செவந்தா போதும்டி, உருகக் கூடாது" என்று என் கையைத் தள்ளிவிடுவாய்.

ஏற்கெனவே இரண்டு முறை என் ஜாயின்ட் லீக்காகியிருந்தது. இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அப்போது எங்கள் வீட்டில் வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

ஒரு நாள் மதியம் நம் மேசையிலிருந்து போன காயிலை லீக் பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்கள். ஒரு வளைவிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. முடித்த இடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் புள்ளி வைப்போமே, அதில் எந்தப் புள்ளியும் இல்லை.

"யாருது இது?" என்றார் சூப்பர்வைசர்.

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. என்னுடையதாக இருக்குமோ என்று நான் தடுமாறுவதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "என்னுது சார்."

உனக்கு அது முதல் லீக் என்பதால் வீட்டுக்கு அனுப்பாமல் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சாயங்காலம் பஸ்ஸில் கேட்டேன், "மெய்யாலுமே உன்னுதாக்கா?"

"இன்னாடி கேள்வி இது? என்னுதுன்னு தானே சொன்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, மஞ்சள்காமாலையில் போய்விட்டாய். காரியத்துக்கு வந்தபோது உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"நெருப்பாண்ட நிக்க முடியல, தலைய வலிக்குதுன்னு ரொம்ப நாளா சொல்லினு இருந்தாளேம்மா. பேக்கிங்ல போட்டப்புறம் சந்தோசமாத்தான் இருந்தா."

இரண்டு வருடம் தோளோடு தோள் நின்றோம். தலைவலி என்று என்னிடம் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று "என்னுது" என்று எனக்காகச் சொன்னாயா, உனக்காகச் சொன்னாயா, இல்லை அது உன்னுடையதேதானா? எனக்காக என்று நினைத்தால் அழுகை வருகிறது. உனக்காக என்று நினைத்தால் கோபம் வருகிறது. உனக்கு நல்லது நடந்ததற்கு நான் ஏன் கோபப்பட வேண்டும்? அதுவும் புரியவில்லை.

இன்றும் அதே மேசையில்தான் நிற்கிறேன். அதன் பிறகு என் ஜாயின்ட் ஒன்றுகூட லீக்கானதில்லை. கை தேறிவிட்டது என்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, அக்கா. ஒவ்வொன்றையும் முடித்ததும் சின்னக் கண்ணாடியைக் குழாய்க்கு அடியில் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பக்கத்தில் நிற்பவள் எனக்காக வாய் திறக்கும்படி இன்னொரு முறை ஆகிவிடக் கூடாது.