ஏர்போர்ட்டில் முடிந்த சீரியல்

அன்புள்ள ரொகெலியோ,

உங்கள் முட்டிவலியும் உங்கள் அம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஹாங்காங்கில் நான் நலம். உடம்பு வழக்கம்போலப் பூசணிக்காய்தான்.

ஞாயிறு லீவில் பாலத்தடியில் அட்டை விரித்து, பணிப்பெண்கள் பதினோரு பேர் ஒரே போனில் நம்ம ஊர் சீரியலின் கடைசிப் பகுதியைப் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து நாயகி வந்து இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். சுபம். எல்லோரும் அழுதார்கள்.

"இதெல்லாம் ஒரு முடிவாடி? ஊருக்குப் போனப்ப எம்மவன் என்னைப் பாத்து 'இந்த ஆன்ட்டி யாரு'ன்னான்!" என்றாள் நெனிதா அக்கா.

"சீரியல்லயாவது நல்லபடியா முடிய விடுக்கா!" என்று அவள்மேல் கடலையை எறிந்தார்கள். எனக்கென்னவோ அழுகையே வரவில்லை. விழுந்த கடலையைப் பொறுக்கித் தின்றேன்.

நம் மகள் லிகாயாவின் செருப்பு அளவை எழுதுங்கள். நான்கு வருடத்தில் கால் வளர்ந்திருக்கும். டிசம்பரில் நான் வந்து இறங்கும்போது என்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவளைப் பின்னாலிருந்து தள்ளிவிடாதீர்கள். நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நானே போய் யாரென்று சொல்லிக்கொள்கிறேன்.

முதலாளியம்மா கூப்பிடுகிறாள், ஓடுகிறேன்.

டெலியா