மண்டபத்தில் பத்து நிமிஷம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு எட்டு மாசம் ஆகிறது. முப்பத்தொரு வருஷத்தில் உங்கள் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது மட்டும் எப்படி வரும்? அதனால் கடிதமும் 'என்னங்க' என்றே தொடங்குகிறது.

மூலக்குளத்து வீடு நன்றாக இருக்கிறது. பக்கத்து மனையில் மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். உங்கள் மேஜைக்கு வந்த காலை வெயில் போச்சு. டியூப்லைட் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஆமாம், உங்கள் மேஜையில் இப்போது நான்தான் உட்காருகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அங்கே பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல், கூரைக்குள் பறக்கும் விமானம் செய்யக் கற்றுக்கொண்டு வந்தார். எஞ்சின் கிடையாது, ரிமோட் கிடையாது. முறுக்கின ரப்பர் பிரிகிற வரை அது தானாக வட்டமடிக்கும். இறக்கைக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள் வெங்காயத் தோலைவிட மெல்லிசு. நகைக்கடைத் தராசில் வைத்தால் முழு விமானமே ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. யாருடையது அதிக நேரம் காற்றில் நிற்கிறதோ அவருக்கு ஜெயம்.

நம்ம ஊர்ப் போட்டி வழக்கம்போல ஆடியில்தான் நடந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, உழவர்கரை மண்டபம் சும்மா கிடக்கும். ஆனால் காற்றும் அப்போதுதான் பேயாட்டம் ஆடும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் என் பழைய புடவைகளைச் சுருட்டி அடைத்த பிறகுதானே நீங்கள் பெட்டியைத் திறப்பீர்கள்? இந்த வருஷமும் ஒன்பது புடவை கொண்டுபோனேன்.

அந்த மண்டபத்தில் உங்கள் சாதனை ஒன்பது நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்ட். பத்தைத் தொடாமலே போய்விட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறை அதுதான். ரப்பரின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் நீங்கள் முறுக்குவீர்கள். எங்கே நிறுத்தவேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும். "போதுங்க" என்பேன். "இரு சரோஜா, இன்னும் ஒரு இருபது சுத்து" என்பீர்கள். படார் என்று அறுந்துவிடும். எத்தனை ஆடி இப்படிப் போனது?

நீங்கள் கடைசியாகச் செய்த விமானம் பறக்காமலே பெட்டியில் இருந்தது. அதைத்தான் விடலாம் என்று நினைத்தேன். கிளப்புச் செயலாளர் செல்வம் நெளிந்துகொண்டே வந்தார். "அண்ணி, செஞ்சவங்கதான் விடணும்னு ரூல் இருக்குது. அந்த ரூலைப் போட்டதே அண்ணன்தான்." இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உங்கள் மேஜையில் உட்கார்ந்து நானே ஒன்று செய்ய ஆரம்பித்தேன். தை மாசம் அது. நான்கு இறக்கை உடைந்தது, ஐந்தாவது நின்றது.

போட்டியன்று மணமேடையில் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கில் ஐந்து முகமும் ஏற்றி வைத்திருந்தார்கள். பாசம்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஃபேன்கூட ஓடக்கூடாத மண்டபத்தில் ஐந்து திரி எரிந்தால் என்ன ஆகும்? சென்னைக்காரர் விட்டது மேடைப் பக்கம் போனதும் விளக்குச் சூட்டில் விசுக்கென்று மேலே ஏறி, உத்தரத்தில் மாட்டிக்கொண்டது. அடுத்து ஒரு கல்லூரிப் பெண் விட்டதும் அப்படியே. காரணம் எல்லாருக்கும் தெரியும். இறந்தவர் படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கை அணை என்று யார் சொல்வது? எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மேடை ஏறினேன்.

"செல்வம், இவரு இருந்திருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாரு?"

"வெளக்கேத்துனவனை வெளிய நிக்க வெச்சிருப்பாரு, அண்ணி."

"ஏத்துனது யாரு?"

"நான்தான்."

ஒவ்வொரு திரியையும் பூவால் ஒற்றிக் குளிர வைத்தேன். வாட்ச்மேன் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். உங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

காற்று அடங்க அரைமணி நேரம் காத்திருந்தோம். என் முறை வந்தபோது நம்ம அமுதா ரப்பரைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் கை டிரில்லை வைத்துச் செய்த அதே முறுக்கி. ஆயிரம் தாண்டியதும் எனக்கும் ஆசை வந்தது, இன்னும் ஒரு இருபது வைக்கலாமே என்று. அப்போதுதான் உங்களைக் கொஞ்சம் புரிந்தது.

"போதும்மா," என்றாள் உங்கள் மகள்.

நிறுத்திவிட்டேன். உங்களால் முடியாதது அது ஒன்றுதான்.

"துஸ்மா, துஸ்மா" என்று, 'மெதுவா, மெதுவா' என்பதை நீங்கள் பிரெஞ்சில் சொல்வதுபோல, எனக்குள் சொல்லிக்கொண்டே மெதுவாகக் கையை விலக்கினேன். அது அவசரமே இல்லாமல் ஏறியது. உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே நின்று வட்டமடித்தது. எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க ஆரம்பித்து நாற்காலி உயரத்துக்கு வந்தபோது செல்வம் காதோடு சொன்னார்: "அண்ணன் டைம் தாண்டிடுச்சு, அண்ணி."

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. உங்களை ஜெயித்துவிட்ட பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? பார்க்க நீங்கள் இல்லையே என்று கோபமும் வந்தது. சாப்பாட்டுக்கூடக் கதவுப் பக்கம், என் நீலப் புடவைச் சுருட்டுக்குப் பக்கத்தில் அது தரையைத் தொட்டது. பத்து நிமிஷம் பதினொரு செகண்ட். அமுதா செல்போனில் எடுத்த போட்டோவில் நான் அழுதுகொண்டே சிரிக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை. இருந்தாலும் பிரேம் போட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

போட்டி முடிந்ததும் விளக்கை நானே மறுபடி ஏற்றினேன்.

ஒரு வாக்கு தருகிறேன். அடுத்த ஆடியில் எல்லாரும் கிளம்பிய பிறகு உங்கள் பெட்டியைத் திறப்பேன். அமுதா பிடிப்பாள், நான் முறுக்குவேன். யாரும் நேரம் பார்க்க மாட்டோம். அவள் போதும் என்று சொன்ன பிறகும், உங்களுக்காக இருபது சுற்று கூட வைப்பேன். அறுந்தால் வேறு ரப்பர் வெட்டிக்கொள்ளலாம்.

முப்பத்தொரு வருஷம் மறுமுனையைப் பிடித்திருந்த
உங்கள் மனைவி,
சரோஜா