மணிக்கட்டில் நின்ற கை

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

"போன கடிதத்தில் 'அம்மா வா' என்று எழுதியது என் பொம்மியா, நீயா?" என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

நழுவுவதற்காகச் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கும்போது முதலில் அவர்கள் கைமேல் நம் கையை வைப்போம். பிறகு பிடியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று நகர்த்தி, ஒருநாள் எடுத்துவிட வேண்டும். என் வகுப்பில் மற்ற ஐந்து பேருக்கும் எடுத்துவிட்டேன். நம் வீட்டுப் பெண் பொம்மிக்கு மட்டும் மணிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். சனிக்கிழமைதோறும் உனக்குக் கடிதம் போக வேண்டுமே என்ற அவசரம். அவள் விரல் நகர்ந்தது நிஜம். எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று என் கை சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இரண்டு வருடமாக இதைச் சொல்லாதது என் தவறு.

அக்கா

மார்ச் 6

அக்கா,

உனக்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்!

அந்தத் தாளை இங்கே வேலை செய்கிற இடத்தில் எல்லாரிடமும் காட்டி, "பாருங்க, என் பொண்ணு கூப்பிடுறா"ன்னு பீத்திக்கொண்டேன். அதை நம்பித்தான் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளியம்மா, "வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி. அப்புறம் வேற ஆள் எடுத்துடுவேன்" என்கிறார். அவள் என்னைத் தேடவே இல்லையென்றால், நான் வந்துதான் என்ன?

கையை எடு. நாளைக்கே எடு. எது வந்தாலும் அப்படியே எழுது. எனக்காக இனிப்பு தடவாதே.

சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம், வந்தால்.

உன் தங்கை

மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

இன்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். பொம்மி அதை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். விலக்கினேன். மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை பென்சிலை வீசி எறிந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கால் மணி நேரம் கழித்து, எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்க, தாள் கிழிகிற அழுத்தத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: 'ஃபேன்'.

சுவிட்சுக்கு மேல் நான் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை நிறுத்தினேன். அது கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது. இறக்கை நிற்கும்வரை பார்த்தாள். பிறகு இருபது நிமிடம் எழுந்து ஓடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதற்குமுன் ஐந்து நிமிடம்கூட இருந்ததில்லை.

உன்னைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அக்கா

மார்ச் 10

அக்கா,

வலித்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் பெண் தனக்கு வேண்டியதைச் சொல்லியிருக்கிறாள், அதை நான் பக்கத்தில் இல்லாமல் உன் கடிதத்தில் படிக்கிறேன்.

இன்று காலை முதலாளியம்மாவிடம் போய், "வேற ஆள் எடுத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் தங்கை