பின்கேட் வழியாக மேகத்துக்கு

அன்புள்ள மருமகனே,

ஒருவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். நீ கேட்டாய் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டு என் வீட்டை இடிக்கக் கொடுத்தேன். அங்கே இப்போது கீழே கடைகளும் மேலே குடியிருப்புமாக நீ விற்கும் கோபுரம் நிற்கிறது. அதில் எனக்கு ஒதுக்கிய வீட்டில் துணி காயப்போட்டால் மேகம் வந்து நனைத்துவிடுகிறது. உன் அத்தை நிலாவைத் தள்ளிவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்துகிறாள்.

நேற்று ராஜநடை போட்டு முன்வாசலில் நுழைந்தேன். "பெரியவரே, பழைய குடித்தனக்காரங்க எல்லாம் பின்கேட்தான். குப்பை வண்டி போற வழியா போங்க" என்றான் காவலாளி. முப்பதாயிரம் வீரர்கள் ஈட்டியோடு என்னைச் சூழ்ந்தார்கள். வீடு பார்க்க வந்தவர்களோடு நீ நின்றாய். "யாருங்க அவரு?" என்று அவர்கள் கேட்டார்கள். "தெரியலையே சார்" என்றாய்.

மேகம், நிலா, படை எல்லாம் என் புளுகு. நீ சொன்ன அந்த ஒரு பதில் மட்டும் நான் கட்டியதல்ல.

இப்படிக்கு,
உன் அம்மாவுடன் பிறந்தவன்