காயாத படத்தில் வைத்த பொட்டு

12 ஆகஸ்ட் 1999, வியாழன்
விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். உருளை 2 கி., தீப்பெட்டி, கற்பூரம். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.

கீழ் வீட்டு நிகில்தா, என் மகள் மீனுவுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தவர், ஒரு ஆயில் பெயிண்டிங்கைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். அவர் அறைக்குள் தண்ணீர். வங்காள வழக்கப்படி அண்ணி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "பௌதி, ஞாயித்துக்கிழமை வாங்கறவர் வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும். இன்னும் காயல, தொட்டுடாதீங்க."

பூஜை அலமாரிப் பக்கம் சாய்த்து வைத்தோம். மழைத் தெருவில் பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுகிறார்கள். முன்னால் மஞ்சள் கவுன் போட்ட பெண். மீனுவேதான்.

ஆவணி வந்தால் அவள் போய் ஒரு வருஷம். போன மாதம் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து அவள் போட்டோக்கள் எல்லாம் ஒட்டிப்போயின. ஒன்றுகூடத் தேறவில்லை.

இவர் கிடர்பூர் ஆபீசிலிருந்து நனைந்து வந்தார். படத்தைப் பார்த்தார். துண்டு கேட்டார்.

13, வெள்ளி
கடைசி ஆடி வெள்ளி. பாயசம். தலைக்குக் குளித்து, சாமி படங்கள், மாமனார் படம், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அதே கையோடு மீனுவுக்கும். விரல் உள்ளே இறங்கியது. எடுத்தால் நெற்றி நிறம் விரலோடு வந்தது. பொட்டு கன்னம் வரை இழுத்துக்கொண்டு நின்றது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? அவன் பொழப்பாச்சே!" இவர் துடைக்க வந்தார். தடுத்தேன். அழுகை வரவில்லை. பாயசத்தில் ஏலக்காய் மறந்தது.

14, சனி
தண்ணீர் வடிந்து தெருவெல்லாம் சேறு. நிகில்தா வந்ததும் நானே சொல்லிவிட்டேன். குனிந்து பார்த்தார்.

"பௌதி, உயிரோட இருக்கறவங்க படத்துக்கு உங்க ஊர்ல சந்தனம் வைப்பாங்களா?"

"மாட்டோம்."

"ஐயோ, இது எங்க அக்கா! டம்டம்ல நல்லா இருக்கா. நேத்துகூட போன்ல என்னைத் திட்டினா!"

அவருடைய சின்ன வயதுத் தெருவாம். சிரிக்க ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மீனுன்னு நெனச்சேன்" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சின்னக் கத்தியால் பொட்டைச் சுரண்டினார். நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் வெறும் துணி.

"முகம் புதுசாத்தான் போடணும். மீனுவையே போட்டுடறேன். வாங்கறவரை அடுத்த வாரம் வரச் சொல்றேன். ஆனா படம் அவர் வீட்டுக்குத்தான் போகும், பௌதி."

யார் வீட்டுச் சுவரிலோ. இரவு சப்பாத்தி போதும் என்றார் இவர்.

15, ஞாயிறு
கிளப்பில் கொடி. ஒலிபெருக்கி. வெயில். பால் 1 லி., வெற்றிலை.

போடுங்கள், எங்கேயாவது இருக்கட்டும் என்று நிகில்தாவிடம் சொன்னேன். வர்ணத்தோடு மேலே வந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். வகிடு கோணல். முன்பல் ஒன்று இல்லை. இடது புருவத்தில் தழும்பு.

"மூக்கு?"

தெரியவில்லை. கண்ணை மூடினேன். திறந்தேன். வரவில்லை. ஏழு வருஷம் துடைத்துவிட்ட மூக்கு.

நிகில்தா பிரஷ்ஷைப் பிடித்தபடி காத்திருந்தார். மீனு பேச்சே எடுக்காத இவர் பேப்பரை மடித்து வைத்தார். நாற்காலியை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாக உட்கார்ந்தார்.

"என் மூக்குதான் அவளுக்கு. பாத்துப் போடுங்க."

காபி ஆறிப்போயும் அசையவில்லை.